அத்தியாயம் 7: பர்வதமலைக்குத் தனியாக ஒரு நாள்

எங்கள் பக்கத்தில் உயரமான இடம் எது என்று ஆவடிக்காரரைக் கேட்டால் ரயில்வே மேம்பாலத்தைக் காட்டுவார். அம்பத்தூர்க்காரர் ஏரிக்கரையைக் காட்டுவார். பூந்தமல்லிக்குப் பைபாஸ் பாலம். இப்படித் தட்டையான நிலத்தில் வளர்ந்த கால்களைத்தான் இந்த அத்தியாயத்தில் ஒரு மலைமுகட்டின் மேல் ஏற்றி, இருட்டுமுன் இறக்கப்போகிறோம். அதுவும் தனியாக.

குழுவாகப் போகிறவர்கள் வழியில் பேசி முடிவெடுத்துக்கொள்ளலாம். ஒருவர் தளர்ந்தால் மற்றவர் "போதும், திரும்பலாம்" என்பார். தனியாகப் போகிறவருக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. களைத்த மனசு தனக்குத்தானே பொய் சொல்லும்: இன்னும் கொஞ்சம்தான், அதோ தெரிகிறதே. அதனால் மலைமேல் எடுக்கவேண்டிய முடிவுகளை வீட்டில் உட்கார்ந்து, ஃபேனுக்குக் கீழே எடுத்துத் தாளில் எழுதிக்கொண்டு போகவேண்டும். கீழே வருகிற பெரும்பாலான படிகள் அதற்குத்தான்.

ஏன் பர்வதமலை?

ஸ்காட்லாந்தில் 3000 அடிக்கு மேற்பட்ட சிகரங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. 1891இல் ஹியூ மன்றோ தொடங்கிவைத்த அந்தப் பட்டியலில் இன்று 282 பெயர்கள் இருக்கின்றன. 2003இல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, பொறுப்பாக நடந்துகொள்கிற எவரும் அந்த மலைகளில் தன்னந்தனியாக முகடு முகடாக நடந்துகொண்டே போகலாம். யாரும் சீட்டுக் கேட்கமாட்டார்கள்.

நம் ஊர் நிலைமை வேறு. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்தபின் விதிகள் இன்னும் இறுகின. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. நம் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைப் பாதையும் அதில் ஒன்று. ஆனால் இணையத்தில் பதிவுசெய்து வழிகாட்டியோடுதான் போகமுடியும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் தனிநடை ஆகாது.

மிச்சமிருப்பவை கோயில் மலைகள். தலைமுறை தலைமுறையாக மக்கள் ஏறித் தேய்த்த பாதை, வழி கேட்டால் சொல்ல ஆள், அடிவாரம்வரை வண்டி எல்லாம் அங்கே உண்டு. அவற்றில் முகட்டு நடை என்று சொல்லத்தக்க பகுதி உள்ளதும், நம் பக்கத்திலிருந்து ஒரு வார இறுதிக்குள் போய்வரக்கூடியதும் திருவண்ணாமலை மாவட்டம் கலசபாக்கம் வட்டத்தில் இருக்கும் பர்வதமலை. உயரம் சுமார் 4500 அடி. உச்சியில் மல்லிகார்ஜுனேஸ்வரரும் பிரம்மராம்பிகையும் இருக்கிறார்கள். பக்தி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பாறை ஒன்றும் வித்தியாசம் பார்ப்பதில்லை.

எப்போது போவது

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரிவரை நல்ல காலம். மார்ச்சிலிருந்து பாறை கொதிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் சாயங்கால இடி மின்னல் வேறு. அக்டோபர் முதல் டிசம்பர் நடுவரை வடகிழக்குப் பருவமழை, அப்போது வேண்டாம். அடிவாரத்து ஓடை மழைக்கு முன் கணுக்கால் நனையும் அளவில் இருக்கும், மேலே மழை பெய்து ஒருமணி நேரத்தில் ஆளை இழுக்கும்.

கிழமை: பௌர்ணமி, அமாவாசை, பிரதோஷம், கார்த்திகை, மார்கழி முதல் நாள் ஆகியவற்றைத் தவிருங்கள். பாறையில் அடித்த இரும்பைப் பிடித்து ஏறும் கடப்பாறைப் பகுதியில் வரிசையில் நின்று வெயிலில் வாட நேரிடும். ஆனால் ஆளே இல்லாத செவ்வாய்க்கிழமையும் வேண்டாம். சாதாரண சனி, ஞாயிறு போதும். கால் பிசகினால் கால்மணி நேரத்துக்குள் இன்னொருவர் அந்த வழியே வரும் நாளாக இருக்கவேண்டும்.

குறிப்பு: ஏறும் நேரத்துக்கும் கொண்டுபோகும் பொருள்களுக்கும் வனத்துறை கட்டுப்பாடு விதிப்பதுண்டு. அது மாறிக்கொண்டே இருக்கும். போன வருஷம் போய்வந்த நண்பர் சொன்னதை நம்பாமல், முதல்நாள் போளூரில் இறங்கியதும் விசாரியுங்கள்.

ஆறு வாரத் தயாரிப்பு

மலை இல்லாத ஊரில் மலைக்குப் பழகுவது எப்படி? படிக்கட்டுதான். பத்து மாடிக் கட்டடத்தில் ஒருமுறை அடியிலிருந்து மொட்டைமாடிவரை ஏறினால் சுமார் 100 அடி. பர்வதமலையில் நாம் ஏறப்போவது 3500 அடிக்கு மேல். கணக்கைப் பார்த்துப் பயப்படவேண்டாம், ஒரே நாளில் 35 தடவை ஏறச் சொல்லப்போவதில்லை.

1. முதல் இரண்டு வாரம்: வாரத்தில் நான்கு நாள், ஒருமணி நேர வேக நடை. பருத்திப்பட்டு ஏரி நடைபாதையோ அம்பத்தூர் ஏரிக்கரையோ. மலைக்குப் போடப்போகும் ஷூவையே போடுங்கள்.

2. மூன்றாம், நான்காம் வாரம்: நடையை இரண்டு நாளாகக் குறைத்து, இரண்டு நாள் படிக்கட்டு. ஐந்து தடவையில் தொடங்கிப் பன்னிரண்டுவரை போகலாம். ஏறும்போது படியில் ஏறி, இறங்கும்போது லிஃப்டில் வருகிறவர்கள் பாதிப் பயிற்சியைத் தொலைக்கிறார்கள். தொடையை உடைப்பது இறக்கம்தான்.

3. ஐந்தாம் வாரம்: ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் திருத்தணி. 365 படி. முதுகில் மூன்று கிலோ எடையோடு மூன்று தடவை.

4. ஆறாம் வாரம்: சோளிங்கர். அரக்கோணத்திலிருந்து பஸ் உண்டு. யோக நரசிம்மர் மலைக்கு 1305 படி. முழுப் பையோடு ஒருமுறை ஏறி இறங்கி, சாப்பிட்டு, மறுபடியும் ஒருமுறை. 2024 முதல் அங்கே ரோப்கார் ஓடுகிறது. ஆசையாக இருக்கும், ஏறாதீர்கள். அங்கத்துக் குரங்குகள் பையைப் பறிப்பதில் தேர்ந்தவை. அதையும் பயிற்சிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

சோளிங்கரில் இரண்டாம் தடவை முடிக்க முடியாதவர்கள் பர்வதமலையை இன்னும் மூன்று வாரம் தள்ளிப்போடுங்கள். நெஞ்சுவலி, படபடப்பு, தலைசுற்றல் ஏதாவது எட்டிப் பார்த்திருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து இந்தப் புத்தகத்தைத் திறக்கலாம்.

பைக்குள் என்ன

- தண்ணீர் 4 லிட்டர். நாலு கிலோ கனக்கும், குறைக்காதீர்கள். ஒருமுறை தூக்கி எறியும் பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம்.
- ஓ.ஆர்.எஸ். பொட்டலம் மூன்று. கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தட்டையாக அளந்த 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு அளவு கூடக்கூடாது.
- புளியோதரை, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம். தயிர்சாதம் பத்து மணி வெயிலுக்குள் புளித்துவிடும்.
- தலையில் கட்டும் டார்ச், மாற்று பேட்டரியோடு. செல்போன் வெளிச்சம் டார்ச் ஆகாது.
- மெல்லிய பருத்திக் கையுறை. எதற்கென்று கடப்பாறைப் பகுதியில் தெரியும்.
- பவர் பேங்க், விசில், கட்டுத்துணி, ஒரு துண்டு, மழைச்சட்டை, முழுக்கைச் சட்டை, தொப்பி.
- இடுப்புயரக் கழி ஒன்று.

ஷூவைப் பற்றி ஒரு வார்த்தை. விலை முக்கியமில்லை. அடிப்பாகம் தேயாமல் பள்ளம் பள்ளமாக இருக்கவேண்டும், விரல்நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இடமில்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுத்து, இரண்டு வாரத்தில் விழுந்துவிடும். வெறுங்காலில் ஏறுகிற பக்தர்களைப் பார்த்து நீங்களும் கழற்றாதீர்கள். அந்தப் பாதம் வேறு.

நேரக் கணக்கு

1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு எளிய கணக்குச் சொன்னார். மணிக்கு 3 மைல், அதாவது கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர். அதோடு ஏறும் ஒவ்வொரு 2000 அடிக்கும் ஒருமணி நேரம் கூட்டு. மலை ஏறுகிறவர்கள் இன்றும் இதைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

நமக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவழி 6 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1 மணி 12 நிமிடம். 3600 அடி ஏற்றத்துக்கு 1 மணி 48 நிமிடம். மொத்தம் 3 மணி. இது குளிர்காற்றில் நடக்கும் பழகிய ஆளுக்கு. நம் வெயிலுக்கும், முதுகுச் சுமைக்கும், கையால் பிடித்து ஏறும் பாறைக்கும் பாதியைக் கூட்டுங்கள்: நாலரை மணி.

ஸ்காட்லாந்தில் ஜூன் மாதப் பகல் 17 மணி நேரம் நீளும். நமக்கு ஜனவரியில் பதினொன்றரைதான். காலை ஆறரைக்கு உதயம், மாலை ஆறுக்கு அஸ்தமனம். ஆகவே தாளில் இப்படி எழுதுங்கள்:

1. காலை 6.00: அடிவாரத்தில் நடை தொடக்கம்.
2. 8.15: பாதி வழி. 9 மணிக்கும் பாதி வரவில்லை என்றால் அன்று உச்சி இல்லை.
3. 10.30: உச்சி.
4. 11.30: இறக்கம் தொடக்கம்.
5. பகல் 12.00: திரும்பும் நேரம். எங்கே நின்றாலும், கோயில் மணி காதில் விழுந்தாலும், அங்கிருந்தே திரும்பவேண்டும்.
6. மாலை 3.30: அடிவாரம்.

ஐந்தாம் வரிக்கு அடிக்கோடு போடுங்கள். என் முதல் தனிநடையில் நான் அதை எழுதவே இல்லை. பதினொன்றேகாலுக்கு உச்சிக்குப் போனேன். அங்கே இருக்கும் ஆசிரமத்து அன்னதானம் வயிறு நிறைய. மண்டபத்தில் காற்று அடித்தது, துண்டை விரித்தேன். கண் விழித்தபோது மூன்று மணி. அவசரத்தில் இறங்கி, இரண்டு பாதை பிரியும் இடத்தில் தவறான பக்கம் திரும்பி, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் சந்தேகம் வந்தது. திரும்ப ஏறிச் சரியான வழியைப் பிடித்தபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. செல்போனில் ஒன்பது சதவீதம் சார்ஜ். ஆரணியிலிருந்து வந்த ஒரு குடும்பம் கைவிளக்கோடு இறங்கிக்கொண்டிருந்தது. அவர்களுடைய எட்டு வயதுப் பையன், "அண்ணா, இங்க கால் வையுங்க" என்று படிப்படியாகச் சொல்லிக்கொண்டே வந்தான். அந்த வழி முழுக்க அவன்தான் எனக்கு வழிகாட்டி.

வீட்டில் ஒரு ஆள்

தனிநடைக்கும் துணை ஒன்று உண்டு. அது வீட்டில் இருக்கும்.

1. பதறாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அம்மா வேண்டாம், தங்கை, மைத்துனர், அலுவலக நண்பர் பரவாயில்லை.
2. நேரத் தாளின் நகல், போகும் பாதையின் பெயர், சட்டை நிறம், ரத்த வகை, அந்தப் பகுதிக் காவல் நிலைய எண் ஆகியவற்றை அவரிடம் கொடுங்கள்.
3. மூன்று குறுஞ்செய்திகள்: கிளம்பும்போது, உச்சியில், அடிவாரம் திரும்பியதும். பள்ளத்தில் சிக்னல் இருக்காது, திறந்த முகட்டில் பெரும்பாலும் கிடைக்கும். பேசுவதற்குப் பற்றாத சிக்னலிலும் குறுஞ்செய்தி போய்விடும்.
4. மாலை 5 மணிவரை மூன்றாவது செய்தி வராவிட்டால் அவர் உங்களைக் கூப்பிடவேண்டும். 6.30வரை தொடர்பு இல்லையென்றால் 112க்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லவேண்டும். "பாவம், தூங்கிட்டிருப்பான்" என்று அவர் ஊகிக்கக்கூடாது. இதை முன்கூட்டியே பேசிவையுங்கள்.

பாதையில் யாராவது "தனியாவா வந்தீங்க?" என்று துருவினால், "பின்னாடி ஆள் வர்றாங்க" என்று சொல்லுங்கள். பொய்தான். மல்லிகார்ஜுனர் பொறுத்துக்கொள்வார். பெண் வாசகர்களுக்கு இதோடு இன்னொன்று: அடிவாரத்தில் ஏதாவது ஒரு குடும்பத்துக்குப் பின்னால், பார்வை படும் தூரத்தில் ஏறத் தொடங்குங்கள். பேசவேண்டும் என்பதில்லை.

போய்ச் சேர்வது

பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரம் வழி ஆற்காடு, ஆரணி, போளூர். நூற்றைம்பது கிலோமீட்டர்ச் சொச்சம். வெள்ளி மதியமோ சாயங்காலமோ கிளம்பிப் போளூரில் லாட்ஜ் எடுத்துத் தூங்குங்கள். அதிகாலையில் ஆட்டோ பிடித்துத் தென்மாதிமங்கலம். ஆட்டோவை முதல்நாள் இரவே பேசிவைக்காவிட்டால் ஆறு மணி ஏழாகிவிடும்.

ராத்திரி ஷிப்ட் முடித்து பைக்கை எடுத்துக்கொண்டு நேராக அடிவாரத்துக்கு வருகிற அம்பத்தூர் எஸ்டேட் இளைஞர்கள் உண்டு. ஏறிவிடுவார்கள், வயசு அப்படி. ஆபத்து திரும்பி வரும் வழியில், ஆற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில், லாரிகளுக்குப் பக்கத்தில் கண் சொருகும்போது.

ஏற்றம், படிப்படியாக

மலைக்கு இரண்டு வழி: தென்மாதிமங்கலம், கடலாடி. இரண்டும் மேலே ஓரிடத்தில் சேர்கின்றன. முதல்தடவை தென்மாதிமங்கலம் வழியே ஏறி அதே வழியே இறங்குங்கள். ஏறும்போது பார்த்த பாதைதான் இறங்கும்போது உங்களுக்கு வரைபடம்.

1. அடிவாரம். பச்சையம்மன், வீரபத்திரர் கோயில்களைத் தாண்டிச் சமதளப் பாதை. இங்கே எல்லாருக்கும் உற்சாகம், ஓடாத குறை. மூக்கால் மட்டும் மூச்சுவிட முடிகிற வேகத்தில் போங்கள். ஒருமுறை அடிவாரத்துக் கடையில் ஒரு அம்மா என்னைக் கேட்டார்: "தனியாவா போற? தண்ணி எத்தினி எடுத்துனு போற?" நாலு லிட்டர் என்றேன். "அப்ப சரி, போ." எனக்கு நடந்த பரிசோதனைகளிலேயே சுருக்கமானது அது.

2. படிகள். ஆயிரத்துக்கு மேல். உயரம் ஒன்றுபோல் இருக்காது. இருபது நிமிடம் ஏறி இரண்டு நிமிடம் நில்லுங்கள், நிற்கும்போது உட்காராதீர்கள். தாகம் எடுக்குமுன் மூன்று வாய் தண்ணீர்.

3. கல் பாதை. படிகள் முடிந்ததும் உருண்டை உருண்டையான கல்லும் புதரும். கழிக்கு வேலை இங்கே தொடங்குகிறது. கல்லின் மேல் பாதம் வைக்குமுன் கழியால் தட்டிப் பாருங்கள். ஆடும் கல் சத்தத்திலேயே தெரியும். பாம்புக்கும் அந்தச் சத்தமே எச்சரிக்கை. பாதி மண்டபத்தில் கடிகாரத்தைப் பார்த்து, தாளோடு ஒப்பிடுங்கள்.

4. பாதைகள் சேருமிடம். முன்னே போகாமல் நின்று, திரும்பிப் பாருங்கள். இறங்கி வரும்போது கண்ணில் படப்போவது அந்தக் காட்சிதான். செல்போனில் கீழ்நோக்கி ஒரு படம் எடுங்கள். எந்தப் பாறைக்கு எந்தப் பக்கம் நம் வழி என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாததால்தான் வண்டியைத் தென்மாதிமங்கலத்தில் விட்டுவிட்டுக் கடலாடியில் போய் நிற்கிறார்கள்.

5. முகடு. காற்று மாறும். இரண்டு பக்கமும் நிலம் கீழே போய்விடும். எதிரே கடப்பாறைப் படி.

அடிவாரத்து நாய்கள் சிலசமயம் உச்சிவரை கூடவே வரும். பக்தர்கள் பைரவர் என்று கையெடுப்பார்கள். கடலை மிட்டாய் கொடுக்காதீர்கள். பிறகு பங்கு கேட்கும் குரங்குகளுக்கு நீங்கள் பதில் சொல்லவேண்டிவரும்.

கடப்பாறைப் பகுதி

இந்த மலையில் நிதானமாகப் படிக்கவேண்டிய பக்கம் இது. பாறையில் கடப்பாறைகளை அடித்து இறக்கி, சங்கிலி மாட்டி, தண்டவாளத் துண்டுகளைப் படியாகப் பதித்து வழி செய்திருக்கிறார்கள். கடப்பாறைப் படி, தண்டவாளப் படி, ஏணிப் படி, ஆகாயப் படி என்று பெயர்கள். கைப்பிடியோடு இரும்புப் படிக்கட்டு போட்டிருக்கும் இடங்களில் அதிலேயே போங்கள். பழைய வழியில்தான் புண்ணியம் என்று சொல்கிறவர்களோடு வாதாடவேண்டாம், வழிவிட்டு நில்லுங்கள்.

1. தொடங்குமுன் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஓய்வு. ஓ.ஆர்.எஸ். குடியுங்கள். ஷூ கயிற்றை இறுக்குங்கள்.
2. கழியைப் பையில் செருகுங்கள். செல்போன் பைக்குள். கழுத்தில் தொங்கும் எதுவும் வேண்டாம்.
3. கையுறை போடுங்கள். பத்து மணிக்கே இரும்பு சுடத் தொடங்கும். சுட்ட கை தானாக விடுபடும், யோசிக்காது.
4. இரண்டு கை, இரண்டு கால். நான்கில் மூன்று எப்போதும் பாறையிலோ இரும்பிலோ ஊன்றியிருக்கவேண்டும். ஒன்று மட்டும் நகரலாம்.
5. உடல் எடை காலில். சங்கிலி சமநிலைக்குத்தான், தொங்குவதற்கல்ல. முழங்கை வலித்தால் தொங்குகிறீர்கள் என்று அர்த்தம்.
6. மேலே போகிறவருக்கு நேர் கீழே நிற்காதீர்கள். பத்தடி இடைவெளி விடுங்கள். கல் உருண்டால் "கல்லு!" என்று கத்துவது மரியாதை.
7. இறங்கும்போது செங்குத்தான இடங்களில் முகம் பாறையைப் பார்த்து, முதுகு பள்ளத்தைப் பார்த்து. பலர் வெட்கப்பட்டு நேராக இறங்கப் பார்க்கிறார்கள். பை பின்னால் பாறையில் முட்டி ஆளை முன்னே தள்ளும்.

நிறுத்தவேண்டிய நிலைகள்: பாறை ஈரமாக இருந்தால், கால் நடுங்கினால், மின்னல் தெரிந்தால் இந்தப் பகுதியில் ஏறாதீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் முகட்டையும் சங்கிலியையும் விட்டு, தனிமரத்தடியில் ஒதுங்காமல், வந்த வழியே தாழ்வான இடத்துக்கு இறங்குங்கள். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆகும்வரை திரும்பி ஏறவேண்டாம். கோயில் இரண்டாயிரம் வருஷத்துக் கதையைச் சொல்கிறது, அடுத்த மாதமும் அங்கேயே இருக்கும்.

உச்சியில்

இங்கே மூலவருக்குப் பக்தர்கள் தாங்களே பூஜை செய்துகொள்ளும் வழக்கம் உண்டு. அதற்கு நேரம் வேண்டுமென்றால் தாளில் முன்பே சேர்த்திருக்கவேண்டும். செய்தி அனுப்புங்கள். அளவாகச் சாப்பிடுங்கள். துண்டை விரிக்காதீர்கள். கையிலிருந்த தண்ணீரில் பாதியாவது மிச்சமிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் உடனே கிளம்புங்கள், வழியில் மோர் விற்பார்கள் என்ற நம்பிக்கையில் உட்காரவேண்டாம்.

மலைவழி சொல்வது நமக்குப் புதிதல்ல. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் இருக்கிறதே, கூத்தராற்றுப்படை என்றும் சொல்வார்கள், அதில் நன்னனின் நாட்டுக்கு வழி சொல்கிறவர் பரிசைப் பற்றி மட்டுமா பேசுகிறார்? பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனத்துக் கவண்கல்லுக்கு எப்படி ஒதுங்குவது, வழுக்கும் பாறையில் எதைப் பிடிப்பது, பாம்பு கிடக்கும் இடம், வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்தால் கால் இடறும் என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டு போகிறார். அதில் வரும் நவிரமலை இந்தப் பர்வதமலைதான் என்று கருதுவோர் உண்டு. இந்த அத்தியாயம் அந்த வேலையின் கடைக்குட்டி.

இறக்கம்

ஏறி முடித்ததும் நாள் முடிந்ததாக நினைப்பதுதான் பெரிய தவறு. பாதி நாள்தான் ஆகியிருக்கிறது, கால்களில் பாதிக்கும் குறைவான பலம்தான் மிச்சம்.

1. கழியை முதலில் கீழே ஊன்றி, பிறகு பாதம். உயரமான படிகளில் பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள்.
2. குதிக்காதீர்கள். ஒரு அடி உயரமென்றாலும் குதிக்காதீர்கள்.
3. பாதைகள் பிரியுமிடத்தில் படத்தை எடுத்துப் பாருங்கள். கூட்டம் போகும் பக்கம் உங்கள் பக்கமாக இருக்கவேண்டியதில்லை.
4. அரைமணிக்கு ஒருமுறை நின்று, உங்கள் செல்போன் எண்ணைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் நிழலில் உட்காரவேண்டும். வெயில் தலைக்கேறுவதைத் தனியாளால் வேறு எப்படியும் கண்டுபிடிக்க முடியாது, தலைதானே கெட்டுப்போகிறது.

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் நிழல், ஓ.ஆர்.எஸ்., ஈரத்துண்டைக் கழுத்திலும் அக்குளிலும் வைப்பது. குழப்பமும் சூடான வறண்ட தோலும் சேர்ந்தால் அது அவசரம். விசில் ஊதுங்கள், வருகிறவர் யாரானாலும் நிறுத்துங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். பாம்பு கடித்தால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், நடக்காதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, ஆட்களை அழைத்துத் தூக்கிப்போகச் சொல்லுங்கள். நாட்டு மருந்து தெரிந்தவரிடம் அல்ல, அரசு மருத்துவமனைக்கு. போளூரில் உண்டு, திருவண்ணாமலையில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே உண்டு.

அடிவாரம் சேர்ந்தபின்

மூன்றாவது செய்தியை முதலில் அனுப்புங்கள், டீ பிறகு. ஷூவைக் கழற்றிப் பாதத்தைக் கழுவி, கொப்புளம் இருந்தால் உடைக்காமல் துணி சுற்றுங்கள். பஸ்ஸில் தூங்குமுன் நேரத் தாளின் மறுபக்கத்தில் நிஜமாக ஆன நேரங்களை எழுதிவிடுங்கள்: பாதி மண்டபம், உச்சி, அடிவாரம். எவ்வளவு தண்ணீர் மிஞ்சியது என்பதையும். நெய்ஸ்மித் கணக்கில் பாதியைக் கூட்டச் சொன்னேன் அல்லவா? உங்கள் காலுக்கு அது பாதியா, முக்காலா என்பது அந்தத் தாளில்தான் இருக்கும். அடுத்த அத்தியாயத்து மலைக்கு அந்த எண் வேண்டும்.

மறுநாள் காலை ஆவடி ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறுவது சுலபமாக இருக்கும். இறங்கும்போது கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போங்கள்.